நூற்றுக்கு நூறு வாங்கிய சுவர்

கட்டடத் தொழிலில் எத்தனையோ ரக மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பிசகாமல் வைக்கிறவர், வைத்த கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து குறை கண்டுபிடிக்கிறவர், கல் எங்கே கல் எங்கே என்று காலை ஆறு மணிக்கே போனில் கத்துகிறவர், கல்லுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல நிழலில் நின்று பல் குத்துகிறவர். இவர்களெல்லாம் பழைய ரகம். இவர்களால் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. கடந்த சில வருடங்களாக ஒரு புது ரகம் கிளம்பியிருக்கிறது. அதன் பெயர் சீட்டொட்டி.

சீட்டொட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். கட்டுமான இடத்துக்குள் நுழைந்து பாருங்கள். எல்லாருடைய தலைக்கவசத்திலும் சிமெண்டு அப்பியிருக்கும். ஒருவருடையது மட்டும் கடையிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல் இருக்கும். எல்லார் கையிலும் ஏதாவது ஒரு கருவி இருக்கும். அவர் கையில் நாலு நிறத்தில் ஒட்டுச்சீட்டுக் கட்டு இருக்கும். மற்றவர்கள் கட்டடத்தைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகர ஆபீசுக்குள் ஒரு சுவரைப் பார்த்து நிற்பார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. முதல் பேரப்பிள்ளையைப் பார்க்கிறவர்கூட அப்படிப் பூரிக்க மாட்டார்.

நம் கதையில் வரும் சீட்டொட்டிக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் சுவர் சார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், நோயாளிகளோடு வருகிற சொந்தக்காரர்கள் தங்குவதற்கென்று ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர்தான் மேலாளர். ஒரு காலத்தில் அவரும் மற்ற மேலாளர்களைப் போலக் கத்திக்கொண்டு, செங்கல்லை எண்ணிக்கொண்டு, மனுஷனாகத்தான் இருந்தார். கம்பெனி அவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. போகும்போது நன்றாகத்தான் போனார்.

திரும்பி வந்தவர் கத்தவில்லை. அதுதான் முதல் அறிகுறி. "இனிமே நான் உத்தரவு போடமாட்டேன். நாம எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம்" என்றார். கம்பி கட்டுகிறவர் பயந்துபோய், சாருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று மேஸ்திரியிடம் தனியாக விசாரித்தார். மறுநாளே ஆபீசின் நீளச் சுவரில் இருந்த அலமாரி, கடிகாரம், சாவி மாட்டும் ஆணி எல்லாம் கழன்றன. வெள்ளைத் தாள் ஒட்டி, கோடு போட்டு, திங்கள் செவ்வாய் என்று கட்டம் கட்டினார். சுவர் தயார்.

முறையில் தப்பே கிடையாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல முறை. வேலை செய்கிற எல்லாரும் வாரத்துக்கு ஒருநாள் சுவர் முன்னால் கூடி, இந்த வாரம் நான் எதை முடித்துத் தருவேன் என்று அவரவரே எழுதி ஒட்ட வேண்டும். தருகிற வாக்குக்குப் பச்சைச் சீட்டு. தடை இருந்தால் சிவப்புச் சீட்டு. சிவப்பு இருக்கிற வேலையை யாரும் தொடவே கூடாது. ஒவ்வொரு சீட்டிலும் பெயரும் தேதியும் கட்டாயம். வாரக் கடைசியில் எத்தனை வாக்கு காப்பாற்றப்பட்டது என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் இந்த முறைக்கு உயிர். பயிற்சியில் அதைச் சொன்ன நேரத்தில் சுவர் சார் டீ குடிக்கப் போயிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் மற்றதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கட்டுமானத்தில் எட்டு வகை விரயம் உண்டு என்பார். அதில் முதல் விரயம் காத்திருப்பது. காத்திருப்பது எவ்வளவு பெரிய விரயம் என்று அவர் விளக்கி முடிக்கும் வரைக்கும் பதினாலு பேர் நின்றுகொண்டு காத்திருப்பார்கள். அது நின்றபடியே நடத்துகிற கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் நிற்க வேண்டும் என்பது விதி. கால் மணி நேரம் என்று சுவரில் எழுதியிருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆனபிறகும் அது அங்கேயேதான் எழுதியிருக்கும். மேஸ்திரிக்கு முட்டிவலி. அவர் வலது காலில் அரை மணி நேரம், இடது காலில் அரை மணி நேரம் என்று பிரித்து வைத்துக்கொண்டு சமாளித்தார்.

"இங்க பெரியவங்க சின்னவங்க கிடையாது. எல்லாரும் ஒரே மேஜைதான்" என்பார் சுவர் சார்.

"மேஜையைத்தான் வெளிய போட்டுட்டீங்களே சார்" என்பார் மேஸ்திரி.

"அதைத்தான் சொல்றேன். தடைகளை உடைக்கிறோம்."

ஒப்பந்தக்காரர் என்ற வார்த்தையை அவர் ஒழித்துவிட்டார். எல்லாரும் கூட்டாளிகள். பிரச்சினை என்ற வார்த்தையையும் ஒழித்துவிட்டார். அதெல்லாம் வாய்ப்புகள். சுவரின் கீழ் மூலையில் கறுப்பு மையால் ஒரு சதுரம் போட்டு, ‘பிறகு பேசுவோம்’ என்று தலைப்பு எழுதியிருந்தார். பதில் சொல்ல வாய் வராத கேள்விகளையெல்லாம் மரியாதையோடு எடுத்து அந்தச் சதுரத்தில் ஒட்டுவார். அங்கே போன சீட்டு எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மின்வேலைக்காரர் முதல் மாதம் எழுதிய ‘மாடிப்படியில் விளக்கு வேண்டும்’ அங்கே வெயிலில் வெளுத்து, பச்சையா மஞ்சளா என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டது.

இந்த ரகத்துக்கு வேலை இடத்தோடு வியாதி நிற்காது. வீட்டுக்கும் வரும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு குட்டிச் சுவர் போட்டு, "நம்ம வீடும் ஒரு ப்ராஜெக்ட்தான்" என்று மனைவிக்கு விளக்கினார். அந்த அம்மாள் நர்ஸ். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவர், நின்றபடியே கேட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டினார்: ‘கேஸ் தீரப் போகிறது.’ சுவர் சார் அதைப் படித்து, மிகவும் மெச்சி, ‘பிறகு பேசுவோம்’ மூலைக்கு மாற்றினார். அன்று வீட்டுச் சுவருக்கு நூற்றுக்கு நூறு. மூன்றாம் நாள் காலையில் காபி இல்லை.

"சொன்னேனே" என்றார் மனைவி.

"சொன்னே. ஆனா பின்தொடரலையே. கூட்டுப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இனிமே சீட்டெல்லாம் எழுதமாட்டேன். நேரா கத்துவேன்" என்று சொல்லி, அந்த அம்மாள் குட்டிச் சுவரைக் கிழித்துக் குப்பையில் போட்டார். வேலை இடத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இனி குழாய் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியின் குழாய் வேலை முழுக்க அவர் பொறுப்பு. பதினைந்து வருடம் தனி வீடுகளுக்குக் குழாய் போட்டு, ஒவ்வொருவராக ஆள் சேர்த்து, ஒன்பது பேரோடு இந்தப் பெரிய வேலைக்கு வந்திருந்தார். இதுதான் அவருக்கு முதல் பெரிய கட்டடம். இதில் பெயர் கெட்டால் மறுபடி சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிய வேண்டியதுதான். இன்னொரு விஷயமும் உண்டு. தம்பி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அக்கா நாற்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தவர். குளிப்பதற்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர். இந்த விடுதி சொன்ன தேதியில் திறக்க வேண்டும் என்பதில் அங்கிருந்த எல்லாரையும்விட அவருக்குத்தான் அக்கறை. ஆனால் அவர் அதையெல்லாம் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்க மாட்டார். சுருக்கமாகப் பேசுவார். சுவர் சாருக்கு அது பிடிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, இரண்டாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் பேச்சு வந்தது. சனிக்கிழமை போடுவதாகத் திட்டம். மேஸ்திரி பச்சை ஒட்டினார். கம்பி கட்டுகிறவர் பச்சை ஒட்டினார். மின்வேலைக்காரரும் பச்சை ஒட்டினார். அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா?" என்றார் சுவர் சார்.

"என்னால பச்சை ஒட்ட முடியாது சார்."

"முடியாதுன்னு சொல்லாதீங்க. எப்படி முடியும்னு சொல்லுங்க."

"பன்னிரண்டு ரூம், ரூமுக்கு ஒரு கழிவறை. கழிவறையை வேற மூலைக்கு மாத்திட்டாங்க. மாத்தின வரைபடம் இன்னும் என் கைக்கு வரல. எந்த இடத்துல ஓட்டை விடறதுன்னு தெரிஞ்சாத்தானே தளத்துல நான் குழாய்த் துண்டு வெச்சு வைக்க முடியும்? அது வைக்காம கான்கிரீட் போட்டா, தண்ணி கீழ இறங்க வழி கிடையாது."

"நீங்க இதைப் பிரச்சினையா பார்க்கறீங்க. நான் வாய்ப்பா பார்க்கறேன்."

"ஓட்டை இல்லாத கழிவறையில என்ன சார் வாய்ப்பு?"

பதினாலு பேரும் சிரித்தார்கள். சுவர் சாரும் சிரித்தார். கூட்டாகச் சிரிப்பதும் முறையில் ஒரு பகுதி. அக்கா சிவப்புச் சீட்டு எடுத்து, நிதானமாக எழுதினார்: ‘வரைபடம் வரவில்லை. 12 கழிவறைக்கும் ஓட்டை விடவில்லை. தளம் போட வேண்டாம்.’ கீழே தன் பெயர், தேதி. தளத்துக்கான கட்டத்தின் நட்டநடுவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"பார்த்தீங்களா, சிவப்பும் நம்ம குடும்பம்தான்" என்று சுவர் சார் மற்றவர்களிடம் சொன்னார். சொன்னாரே தவிர, அன்று முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபத்தேழு பச்சை, ஒரே ஒரு சிவப்பு. கண்ணில் தூசி விழுந்ததுபோல உறுத்தியது. நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். ஐந்தாவது தடவை, வரைபடக்காரர் ஆபீசுக்குப் போன் போட்டு அந்த வரைபடம் என்னாயிற்று என்று கேட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அது பழைய பாணி. அதற்குப் பதில் சிவப்புச் சீட்டுகளின் சராசரி ஆயுள் பற்றி ஒரு புள்ளிவிவரப் பட்டியல் தயாரித்தார்.

புதன்கிழமை மத்தியானம் தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது. பெரிய சார் நாளைக்கு வருகிறாராம். சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். நன்றாக இருந்தால், கம்பெனியின் எல்லாக் கட்டுமான இடங்களிலும் சுவர் போடும் பொறுப்பைச் சுவர் சாரிடமே கொடுப்பதாக யோசனையாம். சுவர் சார் போனை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டார். பதினொரு இடம். பதினொரு சுவர்!

முதலில் தளத்துக்கான சீட்டுகளைச் சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்கு நகர்த்தினார். பெரிய சார் வரும்போது கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தால் பார்க்க அழகாக இருக்கும். அடுத்து ‘பிறகு பேசுவோம்’ மூலை. பத்தொன்பது சீட்டுகள் அங்கே பரிதாபமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதன்மேல் ‘வெளிப்படைத்தன்மையே நம் பலம்’ என்று அச்சடித்த பெரிய தாளை ஒட்டி மறைத்தார். அப்புறம் அந்தச் சிவப்பு. அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். கிழிக்க மனம் வரவில்லை; அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மெதுவாக உரித்து, தன் ஒளிரும் மேலங்கியின் பைக்குள், கைக்குட்டையோடு கைக்குட்டையாக வைத்தார். கழற்றவில்லை, பத்திரப்படுத்தினார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேலங்கியை வழக்கம்போல ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி வந்து நின்றார்.

"சார், சனிக்கிழமைன்னுதானே பேச்சு? குழாய் அக்காவோட வேலை முடிஞ்சுதா?"

"சுவரைப் பாருங்க மேஸ்திரி. சிவப்பு இருக்கா?"

மேஸ்திரி மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பார்த்தார். "இல்லீங்க."

"அப்புறம் என்ன? சுவர்தான் பேசணும், நாம பேசக்கூடாது."

இதைச் சொல்லும்போது சுவர் சார் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் சொல்கிறவனுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும். இவரோ தானே எடுத்த சிவப்பு அங்கே இல்லாததைத் தானே பார்த்து, தானே நம்பினார். நிஜமாகவே அவருக்கு மனசு லேசாக இருந்தது.

அக்கா எங்கே போயிருந்தார் என்று கேட்பீர்கள். வரைபடம் வருகிற வழியாக இல்லை என்று தெரிந்து, ஆட்களுக்கு அன்று லீவு கொடுத்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கே வரைபடக்காரர் ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டார். இன்று கையில் வாங்காமல் எழுந்திருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மதியம் ஒரு மணிக்கு வாங்கினார். சாப்பிடாமல் பஸ் பிடித்து, சுருட்டிய வரைபடத்தைக் கூட்டத்தில் நசுங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நாளைக்கு ஒருநாள் போதும், சனிக்கிழமை தளம் போட்டுவிடலாம் என்று வழி நெடுக மனசுக்குள் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டே வந்தார்.

இதற்குள் பெரிய சார் வந்து, சுவரைப் பார்த்து, "நூற்றுக்கு நூறா!" என்று வாய் பிளந்து, சுவர் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, சுவரோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, மேலே கான்கிரீட் ஓடுவதைக் கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அக்கா வந்தபோது மணி மூன்று. இரண்டாவது மாடிக்கு ஏறினார். தளம் வழவழவென்று, சமமாக, ஒரு மூலை விடாமல் மூடிக் கிடந்தது. ஓரத்தில் மேஸ்திரி, தளத்தைத் தேய்த்த மட்டப்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?" அக்காவின் குரல் எழும்பவே இல்லை.

"சுவரைக் கேட்டுத்தான்மா" என்றார் மேஸ்திரி. சொல்லும்போதே அவருக்கு அக்கா கையில் இருந்த வரைபடம் கண்ணில் பட்டது. விஷயம் புரிந்ததும் மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயையோ. செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேனே அந்தச் சிவப்பை. இன்னிக்கு இல்லைன்னதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தார். ஒரு கழிவறைக்கு மூன்று ஓட்டை. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு. இனி கான்கிரீட் இறுகும் வரை பொறுத்து, கம்பியில் படாமல் ஒவ்வொரு இடமாகக் குறி பார்த்து, இயந்திரம் வைத்துக் குடைய வேண்டும். விடுதி திறக்கிற நாள் தள்ளிப்போகும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டவர்கள் அத்தனை நாளும் பாயிலேயே கிடப்பார்கள். அதை நினைத்ததும் அக்காவுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு, சுவர் சாரைத் தேடிப் போய்ச் சொன்னார். சுவர் சார் முகம் வெளுத்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டு, "இதை நாம சேர்ந்து கத்துக்கணும்" என்றார்.

கற்றுக்கொண்டாரா? வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசுக்கு அறிக்கை எழுதினார். நடந்த தவறுக்குக் காரணம்: குழாய்ப் பிரிவின் ஒத்துழைப்புக் குறைவு. எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் பதினொரு சுவர்கள் கண் முன்னால் வரிசையாக நின்றன. அறிக்கையைப் படித்த பெரிய சார், திங்கட்கிழமை தானே வருவதாகவும், குழாய் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதா என்று அன்றைக்கே முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டார். செய்தி அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது, அவருடைய ஒன்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுவர் சார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைத் தவிர.

"அந்த அக்கா வாயைத் திறந்து ஒண்ணுமே சொல்லலையா?" என்றார் மனைவி.

"சொன்னாங்க. ஆனா அந்த ஒத்துழைப்பு மனப்பான்மை இருக்கு பாரு..."

"கேஸ் தீர்ந்ததுக்கும் என்னைத்தான் அப்படிச் சொன்னீங்க."

சுவர் சார் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை. தகர ஆபீஸ். வெயில் கூரையில் இறங்கிவிட்டது. பெரிய சாரும் நின்றார். நிற்கிற கூட்டம் ஆயிற்றே. தவறு நடந்தால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்க வேண்டும், ஐந்தாவது ‘ஏன்’ மூலகாரணத்தில் கொண்டுபோய் விடும் என்பதும் முறையில் உண்டு. சுவர் சார் இதில் கைதேர்ந்தவர். எந்த ‘ஏன்’ தன் ஆபீஸ் வாசலை நெருங்குகிறதோ, அதற்கு முந்தின ‘ஏன்’னோடு டீக்கு விட்டுவிடுவார். மேலங்கியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல் ஏன். தளத்துல ஏன் ஓட்டை இல்ல?"

"குழாய்த் துண்டு வைக்கல" என்றார் அக்கா.

"ரெண்டாவது. ஏன் வைக்கல?"

"வரைபடம் வரல."

"மூணாவது ஏன். வரைபடம் வராம ஏன் தளம் போட்டோம்?" இதற்கு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"சுவர்ல சிவப்பு இல்லீங்க. நீங்கதானே பார்க்கச் சொன்னீங்க."

"கரெக்ட்!" என்றார் சுவர் சார், மாணவன் சரியாகச் சொன்ன சந்தோஷத்தில். குரலைத் தாழ்த்தி, வருத்தத்தோடு அக்காவைப் பார்த்தார். "நாலாவது ஏன். அக்கா, ஏன் நீங்க சிவப்பு ஒட்டல?"

"ஒட்டினேன் சார்."

"ஒட்டினாங்க" என்றார் மேஸ்திரி. "செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன்."

"நாங்க எல்லாருமே பார்த்தோம்" என்றார் மின்வேலைக்காரர். மாடிப்படி விளக்கு இன்னும் வராத கோபம் அவருக்கு.

"சரி, ரொம்ப நல்ல கலந்துரையாடல். டீ வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்..."

"இருங்க" என்றார் பெரிய சார். "ஒரு ஏன் பாக்கி இருக்கே. ஒட்டின சீட்டு ஏன் சுவர்ல இல்ல?"

சுவர் சாருக்கு வியர்த்துக் கொட்டியது. மேலங்கிப் பைக்குள் கையை விட்டு, கைக்குட்டையை எடுத்து, கழுத்தைத் துடைத்தார். கன்னத்தைத் துடைத்தார். நெற்றியை நன்றாக அழுத்தி ஒரு தடவை துடைத்துவிட்டு, கையை இறக்கினார்.

பெரிய சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"உங்க நெத்தியில என்னமோ எழுதியிருக்கு" என்றார்.

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து, அந்தச் சிவப்புச் சீட்டை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"வரைபடம் வரவில்லை. பன்னிரண்டு கழிவறைக்கும் ஓட்டை விடவில்லை. தளம் போட வேண்டாம். கீழ என் பேர் இருக்கு சார். தேதி போன திங்கட்கிழமை. பேரும் தேதியும் இல்லாத சீட்டு செல்லாதுன்னு சார்தான் சொல்லிக் கொடுத்தார்."

சுவர் சார் கையை மெல்ல நெற்றிக்குக் கொண்டுபோனார். சீட்டு விரலில் தட்டியது. அப்படியே நின்றுவிட்டார். வெட்கம், நிஜமான வெட்கம், காது மடல் வரைக்கும் ஏறியது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘நான்தான் எடுத்தேன், தப்பு என்னோடது’ என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அந்த நினைப்பு சுமார் பத்து விநாடி இருந்தது.

பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா சார், இதுதான் நம்ம முறையோட வெற்றி! அஞ்சாவது ஏன்ல மூலகாரணம் தானா வெளிய வந்துடுச்சு!"

நெற்றியிலிருந்து சிவப்பை உரித்து, ஒரு பச்சைச் சீட்டு எடுத்து, ‘மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதி, பெயர் தேதி போட்டு, சுவரில் ஒட்டினார்.

பெரிய சார் அதைப் பார்த்தார். சுவர் சாரைப் பார்த்தார். அக்காவிடம் திரும்பினார். "நீங்களே இருங்கம்மா. வேற ஆள் வேணாம். எத்தனை நாள்ல முடியும்?"

"முப்பத்தாறு ஓட்டையும் குடைஞ்சு, குழாயும் போட்டு முடிக்க இருபத்திரண்டு நாள் ஆகும் சார். அதுக்கு முன்னால முடியாது."

"சரி" என்றார் பெரிய சார்.

அந்த இடத்தில் ‘முடியாது’ என்ற வார்த்தைக்கு ‘சரி’ என்று பதில் வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா இருபத்திரண்டாவது நாள் முடித்துக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு அவர் நிற்கவில்லை. ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் சுழித்துக்கொண்டு கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சுவர் சார் என்ன ஆனார்? பதினொரு சுவர் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ரகம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. நெற்றி விவகாரம் நடந்த அடுத்த வாரமே சுவரில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது. தலைப்பு: ‘முடியாது’. சுற்றிலும் பூ வேலை செய்த ஓரம்.

"நான் மாறிட்டேன்" என்று சுவர் சார் கூட்டத்தில் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். "முடியாதுன்னு சொல்ற தைரியத்தை நாம வளர்க்கணும். அதனால இனிமே வாரா வாரம் ஒவ்வொருத்தரும் குறைஞ்சது மூணு ‘முடியாது’ எழுதி ஒட்டணும். அதுக்கும் நூற்றுக்கு எத்தனைன்னு மார்க் போடுவேன்."

மேஸ்திரி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். "சார், இந்த வாரம் என் வேலை எல்லாமே ஒழுங்கா முடிஞ்சுடும். மூணு ‘முடியாது’ என்னால எழுத முடியாது."

சுவர் சார் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"முடியாதுன்னு சொல்லாதீங்க மேஸ்திரி. எப்படி முடியும்னு சொல்லுங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாக. உங்களுக்கென்ன, நீங்கள் கட்டடமே கட்டினதில்லை, சுவரில் சீட்டு ஒட்டினதும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போன வாரம் உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ ஒருவர் வந்து, "இது இப்படியே போனா சரியா வராதுங்க" என்று ஏதோ ஆரம்பித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? முகத்தில் சிரிப்பு மாறாமல் தலையை ஆட்டி, "நல்ல பாயிண்ட், அதை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினீர்களே. அப்புறம் பேசினீர்களா? அவர் சொன்னதை எங்கே வைத்தீர்கள் என்றாவது தெரியுமா? சரி, போகட்டும். இப்போது கொஞ்சம் வியர்க்கிறமாதிரி இருந்தால், கைக்குட்டையை எடுத்தவுடனே முகத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் ஒரு தடவை நன்றாக உதறிவிடுங்கள்.